இரண்டு வெள்ளைகள்

வெள்ளை என்பது ஒரே ஒரு நிறம் என்று நாங்கள் நெடுங்காலம் நம்பியிருந்தோம். தமிழ் இலக்கியம் பயின்றவர்களுக்கு இத்தகைய நம்பிக்கை இருந்திருக்கக் கூடாது. பசலை என்ன நிறம் என்று எம்.ஏ. வகுப்பில் ஒரு பிற்பகல் முழுவதும் வாதிட்டிருக்கிறோம். சங்கப் புலவர்கள் அதற்குப் பீர்க்கம்பூவையும் பொன்னையும் உவமையாக்கினார்கள். ஆயினும் அந்த மஞ்சள் எத்தகைய மஞ்சள் என்பதில் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ஒரே திருமாலைப் பச்சை என்றும் நீலம் என்றும் கார்மேகம் என்றும் பாடிய மரபு நம்முடையது. பச்சை குத்திய பாட்டிமாரின் கைகளில் நாங்கள் கண்டது பச்சையன்று, கருநீலம். நிறச் சொற்கள் நழுவக்கூடியவை என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தே சம்பளம் வாங்குகிறோம். எனினும் வெள்ளையைப் பற்றி மட்டும் எங்களுக்கு ஐயம் எழுந்ததில்லை. அதை எழுப்பியவை, கொளத்தூரில் வாங்கிய இரண்டு பழைய மீன்தொட்டி விளக்குகள்.

நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் தமிழ் படித்தவர்கள்; கணவன் மனைவி. ஒருவர் கல்லூரியில் கற்பிக்கிறோம், மற்றவர் பள்ளியில். இதைத் தட்டச்சு செய்கிறவர் கல்லூரிக்காரர். ஆனாலும் இதில் வரும் தவறு இருவருக்கும் பொதுவானது என்பதால், 'நான்' என்று எழுதித் தப்பித்துக்கொள்ளவோ மாட்டிக்கொள்ளவோ மனம் வரவில்லை.

பூந்தமல்லியிலிருந்து ஆவடி செல்லும் சாலையில் உள்ள சென்னீர்குப்பத்தில் வசிக்கிறோம். அம்மா மறைந்தபின், 2021இல், அப்பா எங்களோடு வந்து சேர்ந்தார். எங்களில் ஒருவருக்கு அப்பா, மற்றவருக்கு மாமனார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் முப்பதாண்டுகளுக்கு மேல் மெஷின்மேனாக இருந்தவர். மருந்து அட்டைப்பெட்டிகள், தீப்பெட்டிச் சீட்டுகள், மாதநாட்காட்டிகள் என்று அவர் கையால் அச்சாகி வெளியே போனவற்றுக்குக் கணக்கில்லை. நான்கு மைகள்தாம்: சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. அவற்றைக் கொண்டு உலகத்தின் நிறங்கள் அனைத்தையும் வரவழைப்பது அவர் தொழில். ஒப்புதல் பெற்ற மாதிரித் தாளையும் இயந்திரத்திலிருந்து அப்போதுதான் எடுத்த தாளையும் சன்னலோரம் கொண்டுபோய் அருகருகே வைத்துப் பார்ப்பார். "முருகன் மொகத்துல மஞ்சள் ஏறிடுச்சு, கொஞ்சம் கொற" என்பார். மற்றவர்களுக்கு இரண்டு முருகனும் ஒன்றுபோலவே இருப்பார்கள். அளவுக்கருவிகள் வந்த பிறகும் அச்சக முதலாளி அவர் கண்களைத்தான் கேட்பாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பாவின் குரலில் ஒரு நிமிர்வு வரும்.

பகல் முழுவதும் நாங்கள் இருவரும் வெளியே. வீட்டில் அவரும் தொலைக்காட்சியும். இந்தத் தனிமையை எப்படி ஈடு செய்வது என்று யோசித்திருந்த வேளையில், 2023 தொடக்கத்தில், வெளியூருக்கு மாற்றலாகிச் சென்ற நண்பர் ஒருவர் தம்முடைய நான்கடி மீன்தொட்டியை எங்களுக்குத் தந்துவிட்டுப் போனார். விளக்கு மட்டும் இல்லை. நான்கடி நீளத்துக்குப் புதிய எல்.இ.டி. விளக்கு எங்கள் மாதக் கணக்குக்குள் அடங்கவில்லை. பழைய விளக்கு கிடைக்கும் என்று சொன்னார்கள். புறப்பட்டோம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையையும் பாடி மேம்பாலத்தையும் கடந்தால் கொளத்தூர். சென்னையில் வண்ணமீன் என்றால் முதலில் நினைவுக்கு வரும் பெயர் அதுதான். வீட்டுக்கு வீடு சிமெண்டுத் தொட்டிகளில் கப்பியும் மாலியும் தங்கமீனும் வளர்க்கத் தொடங்கி, அதுவே ஊரின் தொழிலாக வளர்ந்துவிட்டது. வெளிமாநிலங்களுக்கும் இங்கிருந்து மீன் போகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தெருக்களில் நடந்தால், பிளாஸ்டிக் பையில் நீந்தும் சிவப்புகளையும் நீலங்களையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு குழந்தைகள் எதிரே வருவார்கள். அங்கே ஒரு கடையில் இரண்டு இரண்டடி விளக்குகள் கிடைத்தன. ஒரே நிறுவனம், ஒரே மாதிரி எண். "ஒரே ஜோடி சார். கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். அப்படியே எடுத்துக்கொண்டு வந்தோம்.

தொட்டியின் இடப்பாதிக்கு ஒன்று, வலப்பாதிக்கு ஒன்று என்று பொருத்தி, இரவில் விளக்கைப் போட்டோம். தொட்டி இரண்டாகப் பிளந்துவிட்டது. இடப்பக்கம் வெளுத்த மஞ்சள், பழைய தாளின் நிறம். வலப்பக்கம் நீலம் கலந்த வெள்ளை, நீலம் போட்டு அலசிய வேட்டியின் நிறம். ஒரு டசன் நியான் டெட்ரா மீன்கள் விட்டிருந்தோம். வலப்பக்கம் இருக்கையில் அவற்றின் நீலக்கோடு மின்னியது. நடுவைத் தாண்டி இடப்பக்கம் வந்ததும் மங்கிப் பச்சைப்பக்கம் சாய்ந்தது. அந்த நீலம் சாயம் போன்ற நிறமியால் வருவதன்று. தோலின் உயிரணுக்களில் உள்ள நுண்படிகங்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் தோன்றுவது. வருகிற ஒளியில் நீலம் குறைந்தால், திருப்பி அனுப்ப மீனிடம் என்ன இருக்கும்?

"அப்பா, பாருங்க, எவ்வளவு வித்தியாசம்!" என்றோம். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ரெண்டும் வெள்ளதானே" என்றார். அவருக்கு மீனில் நாட்டமில்லை, எங்கள் மனம் நோகக்கூடாதென்று ஏதோ சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டோம்.

அடுத்த மூன்று ஞாயிறுகள் விளக்குகளோடு கழிந்தன. பழைய விளக்கு வாங்கி இதே சிக்கலில் மாட்டிக்கொள்ளும் நண்பர்களுக்கு உதவக்கூடும் என்பதால், செய்தவற்றை வரிசையாகவே சொல்கிறோம்.

முதலில் விளக்குகளை இடம் மாற்றினோம். இடப்பக்க மஞ்சள் வலப்பக்கம் போனது. ஆகவே குறை தொட்டியிலோ தண்ணீரிலோ பின்புறச் சுவரிலோ இல்லை. விளக்கோடு சேர்ந்தே பயணம் செய்கிறது. இதை முதலில் செய்யாவிட்டால் வீண் அலைச்சல். நண்பர் தொட்டியில் போட்டு வைத்திருந்த பாதாம் இலைச் சருகுகள் தண்ணீரைத் தேநீர்போல் ஆக்கியிருந்தன; எங்கள் முதல் சந்தேகம் அவற்றின்மேல்தான் விழுந்தது.

அடுத்து மூடி. விளக்கின் அடியில் தண்ணீர் தெறிக்காமல் காக்கும் பிளாஸ்டிக் மூடியில் வெள்ளைப் படிவு இருந்தது. எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொதிக்கவைக்கும் பாத்திரத்தில் படிகிற அதே உப்புதான். மின்னிணைப்பைத் துண்டித்து, மூடியைத் தனியே கழற்றி, வினிகரில் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடைத்து, நல்ல நீரில் அலசினோம். மஞ்சள் விளக்கு ஓரளவு தெளிந்தது. ஆனால் மூடியை வெள்ளைத் தாள்மேல் வைத்துப் பார்த்தபோது, பிளாஸ்டிக்கே பழுத்திருந்தது தெரிந்தது. அதை மாற்றுவதைத் தவிர வழியில்லை. ரிச்சி தெருவுக்குப் போயிருந்தபோது ஒளிபுகும் அக்ரிலிக் பட்டை ஒன்றை வெட்டி வாங்கி வந்தோம்.

மூன்றாவது, அடாப்டர். இரண்டின் மின்னழுத்தமும் முனைகளும் ஒன்றே என்று சீட்டைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, ஒன்றை மற்றதற்கு மாற்றினோம். நிற வேறுபாடு அடாப்டரோடு போயிருந்தால் அதை மாற்றினால் தீர்ந்தது. போகவில்லை.

இந்நிலையில் கைப்பேசியில் படம் எடுத்து ஒப்பிட்டோம். அது எங்களை நன்றாக ஏமாற்றியது. ஒவ்வொரு பாதியையும் தனித்தனியே எடுத்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. எந்த ஒளியில் எடுத்தாலும் வெள்ளையை வெள்ளையாக்கிவிடுவது என்று கேமரா தானாகவே முடிவு செய்துகொள்கிறது. இரண்டையும் ஒரே படத்துக்குள் அடக்கினால்தான் உண்மை வெளிவந்தது. கண்ணும் மூளையும் செய்வது இதையேதான் என்று அப்போது எங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

எஞ்சியவை விளக்கின் மணிகள். நம் வீடுகளில் எரியும் வெள்ளை எல்.இ.டி.க்குள் பெரும்பாலும் இருப்பது நீல எல்.இ.டி.தான். அதன்மேல் மஞ்சளாய் ஒளிரும் பாஸ்பர் ஒன்றைப் பூசியிருப்பார்கள். நீலத்தில் ஒரு பங்கு அப்படியே வெளியேற, மறுபங்கை அந்தப் பூச்சு மஞ்சளாக்கித் தர, இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகின்றன. 1962இல் நிக் ஹோலோன்யாக் சிவப்பு எல்.இ.டி.யை எரியவைத்தார், பளிச்சென்ற நீலம் கைகூட மேலும் முப்பதாண்டுகள் ஆயின. அந்த நீலத்துக்காகத்தான் இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, வெள்ளை என்று நாம் வாங்குவது ஓர் ஒப்பந்தம். நீலமும் மஞ்சளும் தத்தம் பங்கைத் தவறாமல் செலுத்தும்வரை அது நிலைக்கும். பல்லாயிரம் மணிநேர வெப்பத்தில் மணிமேல் உள்ள ஒளிபுகு பூச்சு பழுப்பேறினால் அது நீலத்தை விழுங்கும், ஒளி மஞ்சளாகும். பாஸ்பர் சோர்ந்தால் நீலம் மிகும். சிவப்பு மணிகளும் கலந்த விளக்கென்றால், சூடு ஏறுந்தோறும் சிவப்பு முந்திக்கொண்டு மங்கும். எங்கள் விளக்குகளில் ஒன்றைத் திருப்பிப் பார்த்தபோது மணிகள் சில தேன் நிறத்தில் இருந்தன. காற்றோட்டமில்லாத மூடிக்குள் நாள்முழுதும் எரிந்திருக்க வேண்டும்.

புதிதாய் இருந்தபோதும் இரண்டும் ஒன்றாய் இருந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. ஒரே ஆலையில் ஒரே நாளில் பிறந்த மணிகளும் நிறத்தில் சற்றே வேறுபடும். அவற்றை அளந்து, நெருக்கமானவற்றைத் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரித்து விற்கிறார்கள். எவ்வளவு வேறுபாடு வரை கண்ணுக்குத் தெரியாது என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? அதற்கு இன்றும் அடிப்படையாக இருப்பது கொடாக் நிறுவனத்தில் பணியாற்றிய டேவிட் மெக்ஆடம் 1942இல் வெளியிட்ட ஆய்வு. ஏறத்தாழ 25,000 முறை நிறங்களைப் பொருத்திப் பார்த்த அந்த ஆய்வு, பெரும்பாலும் ஒரே ஒரு மனிதரின் கண்களைக் கொண்டு செய்யப்பட்டது. இதைப் படித்ததும் அப்பாவிடம் சொன்னோம். மிகவும் மகிழ்ந்தார். "மிஷினு ஆயிரம் வரலாம். கடைசில ஒருத்தன் கண்ணுதான்" என்றார்.

அந்த உற்சாகத்தில்தான் அவரையே தேர்வாளராக அமர்த்தினோம். மேசைமேல் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, நடுவே அட்டையை நிறுத்தி, ஒரு பாதியில் ஒரு விளக்கின் ஒளியும் மறுபாதியில் மற்றதன் ஒளியும் மட்டும் விழுமாறு வைத்தோம். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டோம். அச்சகத்தில் அவர் மாதிரித் தாளை ஒப்பிட்டது போன்ற ஏற்பாடு.

அப்பா குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மீண்டும் பார்த்தார். தாளைத் திருப்பிப் போட்டார். "சரியாத்தான் இருக்கு. இனிமே ஒண்ணும் பண்ண வேணாம்" என்றார்.

எங்களுக்கு அந்தத் தாளின் நடுவில் கத்தியால் கீறியதுபோல் ஓர் எல்லைக்கோடு தெரிந்தது. இந்தப் பக்கம் மஞ்சள்; அந்தப் பக்கம் நீலம். எங்களில் யாரும் பேசவில்லை. அந்த மௌனத்தை அவர் படித்துவிட்டார்.

"அப்ப... வித்தியாசம் இருக்கா?" என்று கேட்டார்.

இருக்கிறது என்று சொல்ல எங்கள் இருவருக்கும் நாவெழவில்லை. அவர் விளக்கை அணைத்துவிட்டு எழுந்து, தம் அறைக்குள் போய்விட்டார்.

அன்றிரவு நாங்கள் உறங்கவில்லை. ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஓராண்டாகவே வேட்டி சரியாக வெளுக்கவில்லை என்று சொல்லி வந்தார். சோப்பை மாற்றச் சொல்லி இரண்டுமுறை கேட்டார். வயதானால் வரும் குறைசொல்லும் பழக்கம் என்று சிரித்துக்கொண்டோம். கருநீலச் சட்டையைக் கறுப்பு என்று சொல்லி ஒரு சாவு வீட்டுக்கு எடுத்து வைத்தார், திருத்தினோம். பத்திரிகையின் அச்சு முன்போல் இல்லை, மை மட்டம் என்றார். அச்சகத்துக்காரர் புத்தி என்றோம். மெல்ல மெல்ல அவர் நிறத்தைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். அதையும் நாங்கள் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் நிம்மதியாகக்கூட எடுத்துக்கொண்டிருப்போம். விளக்கின் மூடி பழுத்ததைக் கண்டுபிடிக்க மூன்று ஞாயிறுகளைச் செலவிட்ட எங்களுக்கு, எதிரே அமர்ந்திருந்தவர் கண்ணில் ஒரு மூடி பழுத்துவருவதைக் கண்டுபிடிக்க ஒரு மணிநேரம்கூட வாய்க்கவில்லை.

கண் மருத்துவர் இரண்டே நிமிடத்தில் சொன்னார்: இரண்டு கண்களிலும் புரை. வலக்கண்ணில் முற்றியிருந்தது. வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளாகிப் பழுப்பாகும். அது முதலில் தடுப்பது நீலத்தை. பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக நிகழ்வதால், மூளை தன் வெள்ளையை அதற்கேற்ப மாற்றி வைத்துக்கொள்ளும், நோயாளிக்கே தெரியாது. எங்கள் இரண்டு விளக்குகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு பெரும்பாலும் நீலத்தின் அளவில்தான். நீலத்தை வடிகட்டிவிடும் கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. அப்பா எங்களைத் திருப்திப்படுத்தப் பொய் சொல்லவில்லை. தம் கண் காட்டியதை, மெஷின்மேனின் நேர்மையோடு, அப்படியே சொன்னார்.

ஜூன் மாதத்தில் வலக்கண்ணுக்கு அறுவை நடந்தது. பழைய வில்லையை நீக்கிச் செயற்கை வில்லையை வைத்தார்கள். இரண்டு நாள் கழித்து வீட்டில் காலைக் காப்பிக்கு முன் அப்பா சன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையால் வலக்கண்ணை மூடுவதும், பிறகு இடக்கண்ணை மூடுவதுமாக இருந்தார். எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கண்ணுல பார்த்தா சுவரு வெள்ள. இதுல பார்த்தா டீ ஊத்தின மாதிரி இருக்கு. அந்த ரெண்டு லைட்டையும் எடுத்து என் மூஞ்சில மாட்டிட்டாங்கடா" என்று சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் நிறத்தைப் பற்றிப் பேசிய பேச்சு அது.

பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனேவுக்கும் 1923இல் வலக்கண்ணில் மட்டும் புரை அறுவை நடந்தது. அதற்குமுன் அவர் ஓவியங்களில் செம்பழுப்பு ஏறியிருந்தது. அறுவைக்குப்பின் எல்லாம் நீலமாகத் தெரிகின்றன என்று முறையிட்டார். இடக்கண்ணில் கத்தி வைக்க அவர் இறுதிவரை ஒப்பவில்லை. இதைச் சொன்னபோது அப்பா கொஞ்சம் யோசித்தார். "அவரு படம் வரையறவரு. எப்படி வேணா வரையலாம். எனக்கு ரெண்டும் மேட்ச் ஆகணும்" என்றார். செப்டம்பரில் இடக்கண்ணுக்கும் அறுவை செய்துகொண்டார்.

விளக்குக் கதையையும் முடித்துவிடுகிறோம். தேன் நிறமான மணிகளை இளமையாக்க முடியாது. மூடியை மாற்றிய பின்னும் ஒரு சாயல் எஞ்சியது. அதன்பின் செய்தது எளிய காரியம். இடம் வலமாக இருந்த விளக்குகளைத் தொட்டியின் நடுவில் முன்னும் பின்னுமாக, இணையாக வைத்தோம். இப்போது தொட்டியெங்கும் இரண்டு ஒளியும் கலந்தே விழுகின்றன; எந்த மீனும் எல்லையைக் கடக்க வேண்டியதில்லை. இரண்டு முனைகளிலும் வெளிச்சம் சற்றுக் குறைகிறது. அங்கே நிழல் விரும்பும் செடிகளை வைத்திருக்கிறோம். வெப்பம் வெளியேற மூடிக்கு மேலே இரண்டு விரற்கடை இடைவெளியும் விட்டிருக்கிறோம்.

எங்கள் கண்ணுக்கு இப்போது எல்லாம் ஒரே வெள்ளை. சென்ற மாதம் ஒருநாள் மாலை கல்லூரி விட்டு வந்தபோது, அப்பா தொட்டியின் முன் நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

"பின்னாடி இருக்கற லைட்டுல மறுபடி லேசா மங்கல் தட்டுது" என்றார்.

நாங்கள் இருவரும் குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை. இம்முறை மறுத்துப் பேசவில்லை. மின்னிணைப்பைத் துண்டித்து மூடியைக் கழற்றி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தோம். ஓரத்தில், விரலால் தடவினால்தான் உணரக்கூடிய அளவுக்கு, உப்புப் படிந்திருந்தது.